லைன்மேன் 214-க்கு ஒரு பதக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். என் இடது முட்டி ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் கடிகார சாரின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் மூன்றாவது நிமிடத்தில் "சரி தம்பி, வச்சிடட்டுமா?" என்பீர்கள். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே பேச வைத்தவருக்குச் சொந்த வீட்டுப் போன் மட்டும் ஆகாது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அண்ணனுக்குப் பதக்கம் வரப் போகிறது!

பழைய போர்களில் விட்டுப்போன வீரர்களுக்கெல்லாம் பதக்கம் தருவதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு முறைதான், ஜூன் முப்பதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நான் கோப்பைத் தயார் செய்துவிட்டேன், எண்பத்து நான்கு பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பாடம், நினைவுக்கல் படம், பத்திரிகைக் கட்டுரைகள், அரசாங்கமே வெளியிட்ட வீரர் வரலாறு எல்லாம் உள்ளே இருக்கின்றன. குழுவின் எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாடப் புத்தகத்திலேயே இருக்கு, இதுக்கு மேல சாட்சி எதுக்கு சார்? முதல் தரப் பதக்கம்தான்" என்றார். நாற்பத்து நான்கு வருடம் கழித்து, அண்ணி!

ஆறாம் பக்கத்தில் மனைவி கையெழுத்து மட்டும் பாக்கி. நீங்கள் கடிகார சாரை மறுமணம் செய்துகொண்டது அதற்குத் தடையில்லையாம். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று அச்சடித்திருக்கும், அதன் கீழே போட்டால் போதும். அண்ணன் எழுதிய கடிதங்களில் ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

வீட்டில் எல்லோரும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி


ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. இவருடைய இருமல் யாருக்கும் அடங்கவில்லை. முட்டிக்கு டாக்டரைப் பாருங்கள். ஏலக்கூடத்தில் நாள் முழுக்க நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறவருக்கு முட்டி வலிக்காமல் மூக்கா வலிக்கும்?

உங்கள் எண்பத்து நான்கு பக்கத்தையும் படித்தேன். நல்ல விறுவிறுப்பு. அண்ணன் விடியற்காலையில் ஒற்றை ஆளாக இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து, காலில் குண்டு பட்டும் விடாமல், முப்பத்தெட்டு பேரைச் சாய்த்துவிட்டு, "நான் விழுந்தால் விழட்டும், கொடி விழக் கூடாது" என்று முழங்கி உயிரை விடுகிறார். இவர் கடையில் வைத்துச் சத்தமாக வாசித்ததில் இரண்டு வாடிக்கையாளர்கள் கடிகாரத்தை வாங்க மறந்து போய்விட்டார்கள்.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இறந்தவருக்குப் பதக்கம் எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் அதைச் சட்டையில் குத்திக்கொள்ளப் போவதில்லை. இவர் கேட்கிறார், "நின்னு போன கடிகாரத்துக்கு இப்போ எதுக்குச் சாவி குடுக்கறாங்க?" என்று. உங்கள் அண்ணன் இறந்த அந்த மலையில் ஒரே நாளில் இருநூறு பேர் போனார்கள். மைக் பிடிக்கத் தெரிந்த தம்பி இல்லாதவர்களுக்கெல்லாம் யார் கோப்பு தயார் செய்வார்கள்?

இன்னொரு சின்னச் சந்தேகம். அவர் சிக்னல் பிரிவில் லைன்மேனாகத்தானே போனார்? அறுந்த டெலிபோன் கம்பியை ஒட்டுகிற வேலை. துப்பாக்கிப் பக்கம் எப்படி வந்தார்? தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு, உங்கள் நலம் நாடும்
அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். டாக்டர் முட்டிக்கு ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார். போட்டால் கால் வலிக்கவில்லை, இடுப்பு வலிக்கிறது. நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன்.

இறந்தவருக்கு எதற்கு என்று நீங்களே கேட்கலாமா? அன்றைக்குப் பதக்கம் வாங்கியவர்கள் யாரென்று பாருங்கள். பார்த்த அதிகாரி உயிரோடு திரும்பி, பரிந்துரை எழுத உட்கார்ந்தால்தான் பதக்கம். அண்ணனின் அதிகாரி அதே மலையில் போனார். அவருக்கு மேலே இருந்தவரும் போனார். பேனா பிடிக்க ஆளில்லாததால் பதக்கம் இல்லை. வீரம் அண்ணனுடையது, பேனா இல்லாதது அவர் குற்றமா?

பத்திரிகையில் ஒரு பெரிய மனிதர் எழுதியிருக்கிறார், இத்தனை காலம் கழித்துக் கொடுத்தால் அன்றைக்குக் கொடுத்த பதக்கத்துக்கெல்லாம் மதிப்புக் குறையுமாம். குறையட்டுமே! நாலு பேருக்குக் கொடுக்காமல் விட்டதால்தான் அதற்கு மதிப்பு என்றால் அந்த மதிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்ற இருநூறு பேருக்கும் கொடுக்கட்டும் என்பேன் நான். எங்கேயாவது ஒரு இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், அது நம் வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

இது அவர் சட்டையில் குத்துவதற்கு இல்லை, அண்ணி. பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பட்டியலை நான் இருபது தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள், இப்போது இருக்கும் என்று பார்ப்பேன். அதில் அவர் பெயரை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கில்லை.

ஆறாம் பக்கத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

கடிகார சாருக்கு என் வணக்கம். நின்ற கடிகாரத்தை ஓட வைப்பதுதானே அவர் தொழில் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். இவர், "உன் கொழுந்தன் நல்லாத்தான் கேக்கறார்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வருவது அபூர்வம், வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் மனசு மாறிவிட்டது. பட்டியலை இருபது தடவை பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் மாறியது. கொடுக்கட்டும், தம்பி. தாமதமாக வந்தாலும் அது அவருக்குச் சேர வேண்டியது. நானும் இதில் சேர்ந்துகொள்கிறேன்.

சேர்ந்துகொள்வதென்றால் என் வழியில்தான் சேர்வேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர்கள், என் சின்னச் சந்தேகத்துக்கு மட்டும் எழுதவில்லை. பரவாயில்லை. நானே தேடுகிறேன். போர்முனை எக்ஸ்சேஞ்சுகளிலும் எங்களைப் போலவே லாக் புத்தகம் எழுதுவார்கள். எந்த லைன் எப்போது அறுந்தது, எப்போது சரியானது, சரிசெய்தவர் யார் என்று நிமிடக் கணக்கில் இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறாள். உங்கள் அண்ணன் இறந்த மே ஒன்பதாம் தேதி லாகைப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

முட்டி பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொள்ளவில்லையே?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் உடம்புக்கு என்ன என்று எழுதுங்கள். ஏலக்கூடத்துக்குப் போன் செய்தேன். "சார் நல்லாத்தான் இருக்கார், ரெண்டு அலமாரி வித்துட்டுத்தான் இப்போ சாப்பிடப் போனார்" என்றார்கள். ஆக, உடம்புக்கு ஒன்றுமில்லை.

லாக் பிரதி வந்துவிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை, லைன்மேன்களின் எண்தான் இருக்கிறது. மலையுச்சிக்கும் கீழே தலைமையிடத்துக்கும் நடுவில் ஓடிய லைன் அன்று பதினோரு தடவை அறுந்திருக்கிறது. காலை ஒன்பது பத்துக்கு முதல் தடவை. பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குக் கடைசித் தடவை. பதினோரு தடவையும் சரிசெய்தவர் ஒரே ஆள். லைன்மேன் 214.

போர்முனையிலிருந்து அவர் எனக்கு ஒன்பது கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும், 'இப்படிக்கு உன் 214' என்றுதான் முடித்திருப்பார். எக்ஸ்சேஞ்ச்காரிக்கு எண்ணைச் சொன்னால்தான் ஆள் புரியுமாம், அப்படி ஒரு கேலி.

பாடப் புத்தகப்படி அவர் விடியற்காலையில் துப்பாக்கியோடு இறந்துவிட்டார். லாகின்படி அன்று பிற்பகலில் கம்பியை ஒட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. என்ன சொல்கிறீர்கள்?

பதில் எழுதுங்கள், தம்பி. திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் தைரியம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

துப்பாக்கி கிடையாது. முப்பத்தெட்டு பேர் கிடையாது. அந்தக் கடைசி வாக்கியமும் கிடையாது. எல்லாம் நான் சொன்னது.

உங்களுக்கு நினைவிருக்கும், முதல் இரங்கல் கூட்டம். எனக்குப் பதினேழு வயது. படையிலிருந்து வந்த தந்தியில், 'பணியின்போது வீரமரணம்' என்பதற்கு மேல் ஒரு எழுத்துகூட இல்லை. யாரோ என்னை மேடையில் ஏற்றிவிட்டு, "நீ ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்றார்கள். முன்வரிசையில் அம்மா அழுத அழுகை எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அன்று காலைப் பத்திரிகையில் ஏதோ ஒரு துப்பாக்கி வீரரின் படம் பார்த்திருந்தேன். அதை வைத்து ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. கொடி வாக்கியம் அப்போதே வாயில் வந்தது. கூட்டம் கைதட்டியது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நிஜமாவே அப்படியா சொன்னான்?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அவள் போகும் வரைக்கும் வாரம் ஒரு தடவையாவது அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். நான் எப்படித் திரும்பிப் போவேன்? அடுத்த வருடம் ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். பிறகு பாடம் வந்தது, கல் வந்தது. என் எண்பத்து நான்கு பக்கமும் அந்த ஒரு மேடையிலிருந்து வந்ததுதான். எனக்கே பல நேரம் அது நடந்த மாதிரிதான் இருக்கும்.

குழுவின் எழுத்தர் நேற்றும் கூப்பிட்டார். உங்கள் கையெழுத்து மட்டும் வந்தால் முதல் தரம் உறுதியாம். அண்ணி, நான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த லாகை மூடி வைத்துவிடுங்கள். அது வெளியே வந்தால் என் மானம் போவது கிடக்கட்டும், அண்ணனுக்கு எதுவுமே மிஞ்சாது. கம்பி ஒட்டினார் என்று சொன்னால் யார் பதக்கம் கொடுப்பார்கள்?

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். நான் அம்மாவுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அண்ணனுக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது. அவரோடு பதினோரு மாதம் குடித்தனம் செய்த எனக்குத் தெரியாதா? எழுந்து, "பொய்" என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூடியது மூடியதுதான். ஆக, இந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. நீங்கள் ஒருவரே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இத்தனை வருடமும் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. வருடா வருடம் மாலை போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். அதெல்லாம் யாரோ ஒரு துப்பாக்கிக்காரருக்கு. நான் கல்யாணம் செய்துகொண்ட லைன்மேனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்தவருக்குப் பதக்கம் எதற்கு என்று முதலில் கேட்டேனே, உண்மையில் இதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லத் துணியவில்லை.

இப்போது லாகை நான் படிக்கிற மாதிரி நீங்களும் படியுங்கள். கம்பியை ஒட்டிய லைன்மேன் அங்கிருந்தே தன்னோடு இருக்கும் சோதனைப் போனைக் கம்பியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டும். தன் எண்ணைச் சொல்ல வேண்டும், குரல் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். அவர் வந்து சேர்ந்த நேரத்தையும் எழுதுவார்கள். முதல் இரண்டு தடவையும் 214 திரும்பி வந்த நேரம் இருக்கிறது. மூன்றாவதிலிருந்து அந்தக் கட்டம் காலி. பக்கத்தில் குறிப்பு: 'பாறைத் திருப்பத்திலேயே இருக்கிறார்.' குண்டு விழுவது அந்தத் திருப்பத்தில்தான், கம்பி அறுவதும் அங்கேதான். போய்ப் போய் வந்தால் நேரமாகும் என்று அவர் குண்டு விழுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், தம்பி. கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஒட்டியவுடன் அறும், அறுந்தவுடன் ஒட்டுவார். ஏழாவது தடவைக்கு ஆன நேரம் மூன்று நிமிடம். அமைதியாக இருக்கிற ஊரில், வெயில் படாத இடத்தில் உட்கார்ந்து செய்தாலும் ஆறு நிமிடமாகும். அந்த லைன் பேசியதால்தான் மேலே இருந்த காயம்பட்டவர்களை எந்தப் பாதையில் இறக்குவது என்று சொல்ல முடிந்திருக்கிறது. அறுபத்திரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள், அதுவும் எழுதியிருக்கிறது.

கம்பி ஒட்டியவருக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். கேட்டுப் பார்ப்போம். கொடுத்தால் இந்த லைன்மேனுக்குக் கொடுக்கட்டும். நீங்கள் மேடையில் செய்த ஆளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் அண்ணனுடைய கடைசிக் கடிதத்தை, 214 என்ற கையெழுத்தோடு, இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரம்.

என்றும் அன்புள்ள,
அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் கடிகார சாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் பத்து கிலோ இளைத்த மாதிரி இருக்கிறேன். எடைக் கருவி ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒன்பதாம் தேதி நினைவு நாள். வழக்கம்போலக் கூட்டம், பள்ளிப் பிள்ளைகள், வானொலிக்காரர்கள். எழுந்து நின்றேன். பழைய பேச்சு தானாகவே வாயில் வந்துவிட்டது, அண்ணி, முதல் வாக்கியம் பாதி சொல்லியும் விட்டேன். அங்கேயே நிறுத்தினேன். "இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பொய்" என்றேன். மைக் கோளாறு என்று நினைத்து ஒரு பையன் ஓடிவந்து ஒயரை ஆட்டினான்.

பிறகு லாகைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒன்பது பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. என் தொண்டையில் அலங்காரமே இல்லாமல் வந்த முதல் பேச்சு அதுதான். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

அடுத்த நாள் நினைவு நாளை நடத்தும் ஊர்க் குழு கூடி என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டது. செயலாளர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "எங்க பசங்களுக்கு நாங்க இப்போ என்னத்தைச் சொல்றது?" இதையே சொல்லுங்கள் என்றேன். ஒருவர் பின்னாலிருந்து, "அண்ணனையே ஏலம் போட்டுட்டான்" என்றார். அது வலித்தது. ஏலக்கூடத்தில் நான் நாற்காலி மேல் ஏறினால் இப்போது சிரிக்கிறார்கள். நானும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதக்கக் குழுவுக்கும் எழுதிவிட்டேன். பழைய கோப்பை அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள். புதிதாக லாகையும் அண்ணன் கடிதத்தையும் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். அண்ணனின் எண்ணை வைத்து ஆள் யாரென்று ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு தடவை ஏமாந்துவிட்டார்கள் அல்லவா, இப்போது உயிரோடிருக்கிற சாட்சி ஒருவராவது வேண்டும் என்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள். அந்த மலையிலிருந்து வந்தவர்களில் இன்னும் யார் இருக்கிறார்கள்? நான் எங்கே போய்த் தேடுவேன்?

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகத் தூங்குகிறேன். இது எப்படி என்று எனக்கே புரியவில்லை.

அன்புடன்,
தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

வானொலியில் கேட்டோம். இவர் கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "இந்த ஆளை நான் ஒரு வாய்ச்சவடால்னுதான் நெனச்சேன்" என்றார். நாங்கள் இருவரும் கைதட்டினோம், உங்களுக்குக் கேட்டிருக்காது.

புதிய மனுவின் ஆறாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாட்சி கிடைப்பார், எனக்குச் சந்தேகமில்லை. பதினோரு தடவையும் மறுமுனையில் யாரோ ஒருவர் போனை எடுத்திருக்கிறார். பேசியவர் இறந்தால் கேட்டவரும் இறந்தாக வேண்டும் என்பதில்லை. நான் பழைய ஆபரேட்டர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கிறவர்களைச் சிரிக்க விடுங்கள். முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நேற்று வானொலி நிலையத்தின் வழியாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்களுக்காகப் பார்த்து எழுதியிருக்கிறேன்:

'ஐயா, எனக்கு எழுபது வயது. போரின்போது அந்த மலையடிவார எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். மே ஒன்பதாம் தேதி லாக் என் கையெழுத்து. 214 பதினோரு தடவையும் என்னோடுதான் பேசினார். மூன்றாவது தடவை, "ஒவ்வொரு தடவையும் வந்துட்டுப் போறதுக்கு இங்கேயே உக்காந்துக்கறேன்" என்றார். வேண்டாம், அங்கே குண்டு விழுகிறது என்றேன். "அதனாலதானே சொல்றேன்" என்றார். கடைசியாக ஒன்று ஐம்பதுக்குப் பேசினார். "வலது கை வரலை. அடுத்த தடவை அறுந்தா வேற ஆளை அனுப்புங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த லைன் மறுபடி அறுபடவில்லை. நம் படை மலையை விட்டு இறங்கும் வரை அந்த ஒட்டு நின்றது. ஆள் அனுப்பிப் பார்த்தபோது அவர் உயிர் போயிருந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அண்ணன் கதையை வருடா வருடம் வானொலியில் கேட்பேன். அது வேறு யாரோ துப்பாக்கிக்காரர், நம் லைன்மேனைப் பற்றிப் பேச ஒருவருமில்லை என்று நினைத்துக்கொண்டு, வானொலியை அணைத்துவிடுவேன். எங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.'

அண்ணி, அவர் நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். நாற்பத்து நான்கு வருடமாக இருக்கிறார். அண்ணனோடு கடைசியாகப் பேசிய மனிதர். நான் உண்மையை விட்டுவிட்டு வேறொன்றைக் கத்திக்கொண்டே இருந்ததால் அவர் வாயே திறக்கவில்லை. அம்மா இருக்கும்போதே அவர் வந்திருப்பாரே. அண்ணன் என்ன பேசினார் என்று அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லியிருப்பாரே. அம்மாவுக்கு நான் என் வாக்கியத்தைக் கொடுத்து அவளுடைய மகனின் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக் காலை பேருந்தில் அவரைப் பார்க்கப் போகிறேன். அங்கிருந்து நேராகக் குழு அலுவலகத்துக்குப் போகிறோம்.

தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் இவர் இருமியதில் அந்தப் பெட்டியே எங்களுக்கென்று காலியாகக் கிடைத்தது. நீங்களும் நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

விழா நன்றாக நடந்தது. முதல் தரம் இல்லை, இரண்டாம் தரம் என்று நீங்கள் இன்னும் உள்ளுக்குள் கணக்குப் போடுவீர்கள், எனக்குத் தெரியும். போடாதீர்கள். 'பதினோரு முறை' என்று அந்த அதிகாரி வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனைவிதான் மேடைக்கு வர வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, உங்களையே அனுப்பச் சொன்னது நான்தான். பொய்யைச் சொல்ல மேடையேறியவர் உண்மைக்கும் மேடையேற வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக நின்றீர்கள். பேசச் சொல்லியும் நீங்கள் பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கியதைப் பார்த்து இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

ஒரு விஷயம் உங்களிடம் அங்கே சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் மேடையேறியிருக்க மாட்டீர்கள்.

ஆபரேட்டர் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தார். நீங்கள் படியேறும்போது என் காதருகே குனிந்து, "அவர் கடைசியா இன்னொண்ணும் சொன்னாரும்மா. சாட்சியில எழுதலை. தம்பி மனசு நோகுமோன்னு அவர்கிட்டயும் சொல்லலை" என்றார். என்னவென்று கேட்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு, கை வரவில்லை என்று சொன்ன பிறகு, உங்கள் அண்ணன் போனை வைக்கவில்லையாம். பயமாக இருக்கிறதா என்று ஆபரேட்டர் கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாராம்:

"பயமாத்தான் இருக்கு. கம்பிதானே ஒட்டினேன், இதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவன் காதுல மட்டும் இது விழட்டும், பாருங்க, நான் ஒத்தை ஆளா நின்னு மொத்தப் படையையும் தொரத்தினேன்னு ஊருக்கே சொல்லிட்டு வருவான்."

என்றும் அன்புள்ள,
அண்ணி